இடது கையால் போட்ட சிலுவை

என் மச்சானின் லைஃப் ஜாக்கெட்டில் ஒரு கோழி அடை கிடந்தது.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் தமையனை. மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊரில் பிறந்து, அந்தக் கடலிலேயே ஐம்பது வயதைத் தாண்டியவர். கடற்றொழிலாளர் சங்கத்தில் ஆளுக்கொன்றாகச் செம்மஞ்சள் நிற ஜாக்கெட் கொடுத்தார்கள். மச்சானும் வரிசையில் நின்று, கையெழுத்து வைத்து வாங்கினார். கொண்டுவந்து விறாந்தை மூலையில் போட்டார். அடுத்த நாளே கோழி ஏறிக் குந்திவிட்டது.

"ஏன் மச்சான், இதைக் கடலுக்குக் கொண்டு போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"கோழிக்கு உதவுது, இருக்கட்டும். நான் மிதக்கிறதுக்கோ கடலுக்குப் போறன்? மீன் பிடிக்கப் போறன்."

அவர் மட்டுமில்லை. ஒரு வீட்டில் அது மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு மெத்தை. இன்னொரு வீட்டில் தண்ணீர் பம்புக்குப் போர்வை. கடலுக்குப் போன ஜாக்கெட் ஒன்றையும் நான் காணவில்லை.

மற்றவர்களுக்கு இது பகிடி. எனக்கு அப்படி இல்லை. நான் எதற்கும் பயப்படுகிற ஆள். பஸ் ஏறிய பிறகு காஸ் அடுப்பை மூடினேனா என்று யோசிப்பேன். அந்த யோசனை முடிந்தால், பஸ் சக்கரத்தின் நட்டுகளை யாராவது பார்த்தார்களா என்று யோசிப்பேன். வேலை மன்னார் ரவுனில் ஓர் அச்சுக் கடையில். கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாவற்றையும் கொம்பியூட்டரில் ஒழுங்குபண்ணிக் கொடுப்பது நான்தான். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பும் மாதங்களில் வருகிற மரண அறிவித்தல்களில் சில கடலில் போனவர்களுடையவை. அவர்களுக்குப் படம் என்று கொண்டுவருவது அநேகமாக ஓர் அடையாள அட்டையைத்தான். மச்சானின் சங்க அட்டைக்குப் படம் எடுத்து, கன்னத்தில் விழுந்த நிழலை நீக்கி, பின்னால் நீலம் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். அந்த ஃபைல் இன்னும் கடைக் கொம்பியூட்டரில் கிடக்கிறது. அழிக்கப் பயம், அழித்தால் ஏதும் நடந்துவிடுமோ என்று. வைத்திருக்கவும் பயம்.

போன சோழகத்தில் மச்சானின் போட் கவிழ்ந்தது. வெறும் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தவரை வேறு போட்காரர் தூக்கிவந்தார்கள். வீட்டுக்கு வந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டே, கான் எப்படி வழுக்கியது என்று கையால் நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்தார். என் மனைவி சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் செபமாலையை எடுத்தவள், மற்ற நாள் மத்தியானம்வரை என்னோடு கதைக்கவில்லை. ஏதோ நான்தான் போட்டைக் கவிழ்த்தவன்போல.

அதனால்தான் சங்கச் செயலாளர் கடைக்கு வந்து கேட்டபோது யோசிக்காமல் தலையாட்டினேன்.

"நீங்கள் இந்தியாவில கார்ட்டூன் வேலை செய்தனீங்கள்தானே? எங்கட ஆக்களுக்கு ஒரு சின்னப் படம் செய்து தாங்கோவன், ஜாக்கெட் போடச் சொல்லி. வாயால சொன்னால் ஒருத்தரும் கேக்கிறேல்லை. படம் எண்டால் பாப்பினம். ரெண்டு நிமிசம் காணும். சோழகம் துவங்க முன்னம் வேணும்."

"ஓம், செய்யிறன்" என்றேன். அவர் வெளியே போய் மோட்டார் சைக்கிளை உதைக்கும்போதே, படம் முடியாவிட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

நான் கார்ட்டூன் வேலை செய்தது உண்மைதான். நாங்கள் வெள்ளாங்குளத்து வயல்காரர். கடலோடு எங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. சண்டைக் காலத்தில் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறியபோதுதான் முதன்முதலாகக் கடலில் கால் வைத்தேன். போய்ச் சேரும்வரை சத்தி எடுத்தேன். அதற்குப் பிறகு இன்றுவரை முழங்காலுக்கு மேல் கடல் தண்ணீரில் இறங்கியதில்லை. அங்கே அகதி முகாமில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நின்றது என்று எழுதுகிறேன், ஆனால் நிறுத்தியது நான்தான். கணக்கு வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்பார் என்ற பயத்தில் ஒருநாள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பாரே என்ற பயத்தில் மறுநாளும் போகவில்லை. அப்படியே விட்டுப்போயிற்று.

பதினெட்டு வயதில் சென்னைக்குச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போனேன். நாங்கள் பெயின்ட் அடித்த கட்டடத்தின் மாடியில் ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோ இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் ரீவியில் பார்க்கும் படங்களுக்கான வேலையை அங்கே இருந்து செய்து அனுப்பினார்கள். கோடு போடத் தெரிந்த ஆட்கள் தேவை என்று கதவில் ஒட்டியிருந்தது. பெயின்ட் கையோடு போய் நின்றேன். இரண்டு படம் தந்தார்கள். ஒன்றில் ஒரு நாய் படுத்திருக்கிறது. மற்றதில் எழும்பி நிற்கிறது. "நடுவுல என்ன நடக்கும், வரை" என்றார் அங்கிருந்த பெரியவர்.

நடுவில் என்ன நடக்குமோ என்று கவலைப்படுவதுதான் என் பிறவிக் குணம். அதற்கு ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த வேலைக்கு இன்பிட்வீன் என்று பெயர். முக்கியமான படங்களைப் பெரிய கைகள் கீறித் தருவார்கள். இடையில் வருகிற படங்களை எங்களைப் போன்றவர்கள் நிரப்ப வேண்டும். மேசையில் ஒரு கண்ணாடி, அதற்குக் கீழே ட்யூப் லைட். தாளின் அடியில் மூன்று துளை. மேசையில் இருக்கும் மூன்று முளையில் அதை மாட்டினால் தாள் ஒரு மயிரளவும் அசையாது. அடித்தாளும் மேல்தாளும் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும். இரண்டு கோட்டுக்கும் நடுவே மூன்றாவது கோடு போடுவேன். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம். ஐந்து தாளை விரல்களுக்கு இடையில் செருகி மாறிமாறி மடக்கிப் பார்த்தால் நாய் எழும்பும். முதல்தடவை என் நாய் எழும்பியபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். பக்கத்து மேசைப் பெடியன் சிரித்தான்.

நாங்கள் பென்சிலால் கீறியது கீழ்மாடிக்குப் போகும். அங்கே கண்ணாடிபோன்ற ஒரு தாளில் கோட்டை மையால் எடுப்பார்கள். செல் என்று அதற்குப் பெயர். அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நிறம் தீட்டுவார்கள். முன்பக்கத்தில் கோடு சுத்தமாக நிற்கும், தூரிகை போன தடம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பிறகு கமராவுக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் படம் பிடிப்பார்கள். ஒரு தூசி விழுந்தாலும் அது திரையில் பூச்சிபோல் துள்ளும். விரல் நுனி வெட்டிய வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, மூச்சையும் மெல்ல விட்டுக்கொண்டு இருபது பெண்கள் வரிசையாக இருந்து தீட்டுவார்கள்.

அவர்களில் ஒருத்தி ஒருநாள் நான்கு செல்லைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"ஆர் இந்த நாயைக் கீறினது?"

நான் கையைத் தூக்கினேன்.

"இதுக்குக் கறுப்பு வட்டம் எந்தக் கண்ணில?"

"வலது கண்ணில."

"வடிவாய்ப் பாருங்கோ. உங்கட நாய் நடுவழியில கண்ணை மாத்துது. நாலு படத்துக்கு இடது கண், பிறகு திரும்ப வலது கண்."

எனக்கு நாய் மறந்துபோயிற்று. அந்தக் கட்டடத்தில் 'ஆர்' என்றும் 'வடிவாய்' என்றும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "நீங்கள் எவடம்?" என்று கேட்டேன். "அரிப்பு" என்றாள். வேறொரு முகாமிலிருந்து வந்தவள். பகல் முழுவதும் படத்தைப் பின்பக்கமாகவே பார்த்துப் பார்த்து, இடம் வலம் மாறினால் அவளுக்கு உடனே கண்ணில் குத்தும். மூன்று வருடம் கழித்து நாங்கள் கலியாணம் செய்தோம். அவள் கத்தோலிக்கப் பெண் என்பதால் அதற்கு முதல் மாதம் எனக்கு ஞானஸ்நானம் நடந்தது. தலையில் தண்ணீர் வார்க்கும்போதும், குளிருக்குத் தும்மிவிடுவேனோ என்றுதான் எனக்குக் கவலை.

கலியாணம் நடந்த வருடம்தான் ஸ்டூடியோவுக்கு ஸ்கேனர் வந்தது. பென்சில் படத்தை அதற்குள் வைத்தால் கொம்பியூட்டருக்குள் போய்விடும். செல் தேவையில்லை, கமரா தேவையில்லை, தூசியும் இல்லை. மவுஸால் ஒரு தட்டுத் தட்டினால் நாயின் உடம்பு முழுக்கப் பழுப்பாகும். ஒரே ஒரு நிபந்தனை. கோட்டில் எங்கேயும் இடைவெளி இருக்கக்கூடாது. ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் போதும், நிறம் அதன் வழியே கசிந்து வானம், பூமி, மரம் எல்லாம் நாயாகிவிடும். பயந்தவனுடைய கோட்டில் இடைவெளி இருக்குமா? ஒவ்வொரு கோட்டையும் மூன்றுதரம் பார்த்து மூடினேன். என்னை வைத்துக்கொண்டார்கள். கீழ்மாடியை மூடினார்கள். இருபது பெண்களும் வீட்டுக்குப் போனார்கள். அதில் என் மனைவியும் ஒருத்தி.

அதற்குப் பிறகு தாளும் போயிற்று. ஒரு பலகையில் பிளாஸ்ரிக் பேனாவால் கீறினால் கோடு எதிரே திரையில் விழும். கை ஓரிடம், கண் ஓரிடம். ஒரு மாதம் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அதில் ஒரு பொத்தான் இருந்தது. பிழையாகக் கீறினால் அதை அமுக்கலாம், கோடு கீறாததாகிவிடும். எத்தனைதரமும் அமுக்கலாம். என்னைப் போன்ற ஒருத்தனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அழிறப்பரால் தாள் கிழியுமோ என்ற பயம் அன்றோடு தீர்ந்தது. பிறகு இன்பிட்வீனையும் கொம்பியூட்டரே போடத் தொடங்கியது. கை இங்கே, கை அங்கே என்று இரண்டு இடத்தைக் காட்டிவிட்டால் நடுவிலுள்ளதை அதுவே நிரப்பும். கடைசியில் பொம்மைக்கு உள்ளே எலும்பு வைத்து நடக்கவிட்டார்கள். இப்போது, கேட்டதை எழுதிக் கொடுத்தால் படம் தானாக அசைந்து வருகிறது என்று கடைப் பெடியள் போனில் காட்டுகிறார்கள். ஒன்றில் ஒரு மனிதனுக்கு ஆறு விரல் இருந்தது. அவர்கள் கவனிக்கவில்லை. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது நாங்கள் மனைவியின் ஊருக்கே வந்தோம். ஸ்டூடியோவிலிருந்து நான் கொண்டுவந்தது ஒரு பழைய பலகையும் பேனாவும்தான். அதைக்கூட வீட்டில் மனைவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாவித்தேன். அவளை வீட்டுக்கு அனுப்பிய கொம்பியூட்டரோடு வந்த சாமான்தானே அது. அவள் கண்ணில் படவேண்டாம் என்று எனக்குள் ஓர் எண்ணம்.

சங்கத்துப் படத்தையும் அப்படித்தான் செய்தேன். கதை சின்னது. ஒரு மீன்பிடிகாரர் கரையில் போட்டைத் தள்ளுகிறார். அரிப்பில் எல்லாரும் செய்வதுபோல முழங்கால் தண்ணீரில் நின்று, கையைக் கடலில் நனைத்து, சிலுவை போட்டுக்கொண்டு ஏறுகிறார். ஜாக்கெட் கரையில் கிடக்கிறது. காற்று எழும்புகிறது, போட் கவிழ்கிறது. அடுத்த பாதியில் அதே மனிதர் அதேபோலச் சிலுவை போட்டு, பிறகு ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு போகிறார். கவிழ்கிறது, மிதக்கிறார், வீட்டுக்கு வருகிறார்.

எல்லாம் முடிந்தபோது செயலாளர் போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "எல்லாம் நல்லாயிருக்கு. ஆனால் கோயிலடியில நிண்டு பாத்தால் எங்கட சங்கக் கட்டடம் வலப்பக்கமெல்லோ? நீங்கள் இடப்பக்கம் வைச்சிருக்கிறியள்."

பின்னணியைத் திரும்பக் கீறினேன். கட்டடம் வலப்பக்கம் போனதால் கடல் இடப்பக்கம் வந்தது. ஆகவே மனிதரும் மற்றப் பக்கமாகத் திரும்ப வேண்டும். லைட் பாக்ஸ் காலமென்றால் ஒவ்வொரு தாளையும் புரட்டிவைத்து ஒவ்வொரு கோட்டையும் திரும்ப எடுத்திருப்பேன். இப்போது ஒரு தட்டு. மனிதர், போட், அலை எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிட்டன. போட்டில் இலக்கம் எழுதியிருந்தால் அது இடம் வலமாகி என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். எழுதவில்லை. யாருடைய போட் கவிழ்ந்தது என்று சண்டை வரும் என்ற பயத்தில் இலக்கத்தை விட்டிருந்தேன்.

"எனக்கு ஒருக்கால் காட்டுங்கோவன்" என்று மனைவி கேட்டாள்.

"முடியட்டும், காட்டுறன்" என்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து சங்கக் கட்டடத்தில் படம். யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். சுவரில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு. பங்குச் சுவாமி முன்வரிசைக் கதிரையில் இருந்தார், மச்சான் அவருக்குப் பின்னால். நான் கதவடியில் நின்றேன், புரொஜெக்டர் வயர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு.

மனிதர் போட்டைத் தள்ளினார். கையைக் கடலில் நனைத்தார். சிலுவை போட்டார்.

முதலில் ஒரு பெண்குரல்தான் கேட்டது. "ஐயோ, வலங்கையில என்ன, ஊசி குத்தினதோ?"

அவ்வளவுதான். கட்டடமே வெடித்தது.

"இடங்கையால போடுறான்ரா!"

"செல்ஃபி எடுத்தவனாக்கும்!"

சுவாமி கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மச்சான் திரும்பி என்னைத் தேடினார். "மச்சான், உமக்குத் தண்ணி வாத்தது பத்தாது போல. சுவாமி இஞ்சதான் இருக்கிறார், இன்னொருக்கால் வாப்பமோ?"

ஞானஸ்நானம் எடுத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் சிலுவை போடத் தெரியாதவன் என்று ஊர் முடிவுகட்டுகிறதே என்று காது சுட்டது. ஆனால் நெஞ்சில் கல் விழுந்தது அதற்கல்ல. திரையில் காற்று எழும்பிப் போட் கவிழ்ந்தபோது மச்சான் சத்தமாகச் சொன்னார்:

"கவிழாமல் என்ன செய்யும்? இடங்கையால சிலுவை போட்டிட்டு வெளிக்கிட்டால் சுவாமியின்ர போட்டும் கவிழும்!"

"அதுதானே!" என்று நாலு பேர் சேர்ந்து சொன்னார்கள். மனிதர் ஏன் கவிழ்ந்தார் என்று ஊருக்கு இப்போது நல்லாய் விளங்கிவிட்டது. ஜாக்கெட்டை யாரும் பார்க்கவேயில்லை. பின்னேரம் மச்சான் வழக்கம்போலக் கடலுக்குப் போனார். கோழி அதன் இடத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து மேசையில் தலையை வைத்துக்கொண்டிருந்தேன். மனைவி கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தாள். "இப்பவாவது காட்டுங்கோ" என்றாள்.

காட்டினேன். முதல் விநாடியிலேயே, "திருப்பிப் போட்டிட்டியள்" என்றாள். "எனக்கு முந்தியே காட்டியிருந்தால் சொல்லியிருப்பனே. ஏன் ஒளிச்சனீங்கள்?"

எவ்வளவோ வருடமாக வைத்திருந்ததைச் சொன்னேன். இந்தக் கொம்பியூட்டர் வந்துதானே உன் வேலை போனது, உனக்குக் கவலை என்று காட்டாமல் இருந்தேன் என்று.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கவலையோ? ஆர் சொன்னது? அந்தப் பெயின்ட் மணத்துக்கு மூண்டு வருசம் தலையிடி எனக்கு. வேலை நிண்ட அண்டைக்கு வீட்டை வந்து, கதவைச் சாத்திப்போட்டு, பின்னேரம் வரைக்கும் நித்திரை கொண்டனான். உங்களுக்கு நினைவில்லையோ?"

நினைவிருந்தது. அன்றைக்கு அவள் அழுதுகொண்டு படுத்திருக்கிறாள் என்று நினைத்துத்தான் வாசலில் செருப்போடு ஒரு மணித்தியாலம் நின்றேன்.

"சரி விடுங்கோ" என்றாள். "இதை வலங்கையாக்கினாலும் சரிவராது. பாருங்கோ, கை நெத்தியில இருந்து நெஞ்சுக்கு வழுக்கிக்கொண்டு போகுது. ஈ கலைக்கிற மாதிரி. இதைக் கொம்பியூட்டர்தானே போட்டது?"

ஓம். நெற்றியில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, தோள்களில் ஒவ்வொன்று என்று நான் நாலு படம்தான் கீறியிருந்தேன். நடுவை அது ஒரே வேகத்தில் நிரப்பிவிட்டது.

"அண்ணையைக் கூப்பிட்டு வைச்சுக் கீறுங்கோ" என்றாள். "அவருக்குத்தானே வாய். வந்து செய்து காட்டட்டும்."

செயலாளர் இன்னும் இரண்டு கிழமை தந்தார். சோழகமும் அதற்குள் வந்துவிடுவேன் என்று மெல்ல ஊதிக் காட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அந்தக் கிழமை குஞ்சு பொரித்தது. மனைவி ஜாக்கெட்டை எடுத்து, சவர்க்காரம் போட்டு உரஞ்சி, வேலியில் காயவிட்டாள். மச்சானுக்குப் படத்தில் நடிப்பது என்றதும் உள்ளுக்குள் சந்தோசம். கடலால் வந்து, வலையைக் கொடியில் போட்டு, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்தார்.

முற்றத்தில் ஒரு பிளாஸ்ரிக் பேசினில் தண்ணீர் வைத்தேன். அதுதான் கடல். அவர் குனிந்து கையை நனைத்தார், சிலுவை போட்டார், ஜாக்கெட்டை மாட்டினார். நான் பலகையை விட்டுவிட்டு, தாளில் பென்சிலால் கீறினேன். ஒரு தடவையில் நான்கு கோடு. "இன்னொருக்கால் மச்சான்." திரும்பக் குனிந்தார். "முழங்கையை மட்டும் ஒருக்கால் பாப்பம்." திரும்ப.

"எத்தினை தரமப்பா? பூசையிலயே நான் இவ்வளவு சிலுவை போட்டதில்லை."

"ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம். உங்கட சிலுவைக்கு நாலு விநாடி போகுது" என்றேன்.

"நாப்பத்தெட்டோ! சுவாமிக்குச் சொல்லிவிடும், இந்த வருசம் எனக்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை."

மனைவி குசினி வாசலில் அரிசி பார்த்துக்கொண்டே சிரித்தாள்.

இரண்டாம் நாள், ஜாக்கெட்டைக் கையில் எடுத்தவர் மாட்டாமல் அப்படியே நின்றார். பகிடி விடவில்லை. "மச்சான், ஒண்டு கேக்கிறன். ஒருத்தன் கடல்தண்ணியைத் தொட்டு ஆண்டவரிட்டைத் தன்னைக் குடுத்திட்டான். பிறகு மேலால இதையும் எடுத்துப் போடுறான். அப்ப என்ன அர்த்தம்? குடுத்ததில நம்பிக்கை இல்லை எண்டுதானே?"

மிதக்கவா போகிறேன் என்று அவர் சொன்னதெல்லாம் வாய்க்கு வந்த பகிடி. உள்ளே கிடந்தது இதுதான். இவ்வளவு காலமும் இடுப்பில் வெறும் கானைக் கட்டுவதைப் பற்றி, காற்றைப் பற்றி, வானொலியில் சொல்லும் எச்சரிக்கையைப் பற்றி அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எதுவும் அந்த இடத்தில் படவில்லை.

என் மனைவி சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், "அண்ணை, முதல் அதைப் போடுங்கோ. பிறகு அதுக்கு மேலால சிலுவையைப் போடுங்கோ. உங்களோட சேத்து அதையும் குடுத்ததாய்ப் போகும்."

மச்சான் அவளைப் பார்த்தார். பேசினைப் பார்த்தார். ஜாக்கெட்டை மாட்டினார், முன்னால் உள்ள மூன்று பட்டியையும் ஒவ்வொன்றாகக் கொழுவினார். குனிந்து கையை நனைத்து நெற்றியைத் தொட்டார். நெஞ்சுக்குக் கை வந்தபோது ஜாக்கெட்டில் பொத்தென்று பட்டது. வெறும் நெஞ்சென்றால் கை இன்னும் இரண்டு விரலளவு உள்ளே போயிருக்கும். இப்போது அங்கேயே நின்றது. அவர் அதைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகுதான் தோளுக்குப் போனார்.

நான் கீறிக்கொண்டிருந்தேன். கை நின்ற அந்த இடத்துக்கு மட்டும் ஆறு படம் கூடுதலாக வேண்டியிருந்தது.

ஏழு நாள் வந்தார். எத்தனைதரம் அதை மாட்டினார், எத்தனைதரம் கழற்றினார் என்று எனக்குத் தெரியாது. கடைசி நாட்களில் பட்டியைப் பார்க்காமலே கொழுவினார், கதைத்துக்கொண்டே. நான் பென்சில் படங்களைப் போனால் படம் பிடித்துக் கொம்பியூட்டரில் ஏற்றினேன். கையும் முகமும் தாளில் கீறியவை. கடலும் வானமும் காற்றும் கொம்பியூட்டர் செய்தவை. நிறம் முழுக்க மனைவி. பலகையில் பேனாவைப் பிடித்து அரை மணித்தியாலத்தில் பழகிக்கொண்டாள். "இது மணக்கேல்லை, நல்லாயிருக்கு" என்றாள். முடிந்த பிறகு படத்தை ஒருதரம் முழுக்கத் திருப்பிவைத்துப் பார்த்தாள், பிழை கிடந்தால் அப்படிப் பார்த்தால்தான் தெரியுமாம். பிறகு நேராக வைத்துப் பார்த்தாள். "சரி" என்றாள். நான் அதற்குப் பிறகும் மூன்றுதரம் பார்த்தேன்.

இரண்டாவது ஞாயிறு கட்டடம் நிறைந்திருந்தது. இந்தமுறை என்ன பிழை விட்டிருக்கிறான் பார்ப்போம் என்று வந்தவர்கள்தான் கூட. படத்தின் தொடக்கத்தில் ஜாக்கெட்டில் கோழி இருந்தது. அதற்குச் சிரித்தார்கள். கோழியைத் தூக்கி ஒருபக்கம் வைத்துவிட்டு மனிதர் ஜாக்கெட்டை மாட்டினார். தண்ணீரில் இறங்கினார். வலது கையை நனைத்தார். கை ஜாக்கெட்டில் பட்டு நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் தன் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனதை நான் கதவடியிலிருந்து கண்டேன்.

"அது நான்" என்றார் மச்சான், பக்கத்தில் இருந்தவருக்கு. "நடையைப் பாத்தால் தெரியேல்லையோ?"

செவ்வாய்க்கிழமை காற்று எழும்பியது. பின்னேரம் மூன்று மணிக்குப் போட்கள் வெளிக்கிடும் நேரம். நான் வேலைக்குப் போகவில்லை, வயிறு சரியில்லை என்று கடைக்குச் சொல்லியிருந்தேன். மனைவியும் நானும் கரையில் நின்றோம். மச்சான் எண்ணெய்க் கானை ஏற்றினார், வலையை ஏற்றினார். பிறகு போட்டின் முன்பக்கம், அணியத்தில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து மாட்டினார். தண்ணீரைத் தொட்டார். வலது கை. நெற்றி. கை ஜாக்கெட்டில் பட்டு ஒரு கணம் நின்றது.

எங்களைத் திரும்பிப் பார்த்தார். "என்ன ரெண்டு பேரும்? படம் எண்ணிறியளோ?"

அப்போதுதான் கண்டேன். மேலே இரண்டு பட்டிதான் கொழுவியிருந்தது. "கீழ்ப்பட்டி! மச்சான், கீழ்ப்பட்டி!" என்று கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

"ரெண்டு கொழுவினது போதும்" என்றாள் மனைவி. "வாங்கோ வீட்டை." வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஊருக்கு வந்த பிறகு ரோட்டில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல்தடவை.

மற்ற நாள் காலை மன்னார் பஸ்ஸுக்கு நின்றேன். மீன்பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்தார். கரையேறி எவ்வளவோ நேரமாகியிருக்கும். ஜாக்கெட் இன்னும் உடம்பில் கிடந்தது, தோளில் மீன்செதில் மினுங்க.

"மச்சான், இன்னும் கழட்டேல்லையோ?"

அவர் குனிந்து தன்னைப் பார்த்தார். "அட" என்றார். "போட்டிருக்கிறதே மறந்துபோச்சு." கழற்றாமலே போனார்.

பஸ் வந்தது. யன்னலோரம் இடம் கிடைத்தது. இந்த வெயிலிலும் உப்பிலும் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிந்தால் அந்தப் பட்டித் தையல் எவ்வளவு காலம் தாங்கும், அறுந்தால் புதிது எங்கே வாங்குவது என்று மன்னார்வரை யோசித்துக்கொண்டு போனேன்.